பொய்கை மேட்டில் இனி நிற்காத வண்டி

நைனா,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதையாவது தொடங்கினால் இரண்டாவது நிமிடத்தில் நீ "சரி நைனா" என்பாய். அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் நைனா என்று கூப்பிடுகிற வீடு நம்முடையது, நானும் "சரி நைனா" என்று வைத்துவிடுவேன். நம் வீட்டின் பெரிய விஷயங்கள் எல்லாம் இப்படி இரண்டு சரிகளுக்கு நடுவில்தான் அடக்கமாகியிருக்கின்றன. அதனால் எழுதுகிறேன். தொழிற்சாலையில் வேலைக்கு நடுவே இதைப் பிரிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படி. இதற்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உன் விஷயம் ஒரு முடிவுக்கு வந்த பிறகு ஊரும் படிக்கட்டும் என்று அதை வெளியே கொடுத்துவிடப் போகிறேன். நான் மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள் உன்னைத் தவிர இன்னும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள். தனித்தனியாக எழுத எனக்குக் கை வலிக்கும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் அம்பாசிடரின் பழைய எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. பொய்கை மேட்டில் இருபத்தெட்டு வருடமாக அதை நிறுத்திவந்தது நான்.

இதைப் படித்ததும் நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார். ஆறு ஞாயிற்றுக்கிழமை உன் ஓய்வை விட்டுவிட்டு வந்து, அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் சலீம் பாயை அழைத்துக்கொண்டு, விபத்தில் முன்பக்கம் தப்பித்துப் பின்பக்கம் நொறுங்கிய ஏதோ ஒரு சின்னக் காரின் எஞ்சினைத் தேடிப் பிடித்து, இரும்புச் சட்டம் வெட்டி, பற்றவைத்து, கம்பிகளைக் கோத்து, அறுபது வயதுக் காருக்கு ஆறு வயது எஞ்சினை வைத்தாய். அவ்வளவும் தேவையில்லாத வேலை. நானும் ஆறு ஞாயிறும் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம். பழைய உடம்பு, புதிய எஞ்சின் என்று இதில் உருவகம் எதுவும் தேட வேண்டாம். என் உடம்பில் எல்லாம் பழையதுதான், ஒன்றும் மாற்றவில்லை.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் நம் தெருவைச் சுற்றி யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு நம் கறுப்பு அம்பாசிடர்தான். முதலில் அது ஒரு வசதி. ஊரில் வேறு கார் இல்லை. பிறகு தெருவுக்குத் தெரு கார் வந்தது. அப்போது அது ராசியாகிவிட்டது. வசதிக்கு மறுக்கலாம், ராசிக்கு மறுக்க முடியாது. பெட்ரோலை மட்டும் ஊற்றிவிட்டு, "சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பிள்ளையார் கோயிலாண்ட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு ஏற்றினால், முன்னால் மேளமும் பேண்டும் நடக்க, கார் அவர்கள் கால் வேகத்தில் ஊர்ந்து, சரவணப் பொய்கையைத் தாண்டி, அந்த மேட்டில் ஏறி, மண்டபத்துக்குப் போக வேண்டும். அந்த மேட்டில் கார் நிற்கும். நின்றதும் மேளக்காரர்கள் பீடி பற்றவைப்பார்கள். பெண் வீட்டுப் பையன்கள் தள்ளுவதற்கு வருவார்கள். பாரம் குறைய வேண்டும் என்று மாப்பிள்ளையை இறக்கிவிடுவார்கள். கோட்டும் மாலையுமாக அவன் சாலையோரத்தில் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ நிற்பான். யாரும் அவனோடு பேச மாட்டார்கள். எல்லோரும் காரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு எஞ்சின் உறுமும். மாப்பிள்ளை ஏறுவான். இரண்டு மூன்று கல்யாணத்தில் இப்படி நடந்ததுமே, "மேட்டுல நின்னாதான் மாங்கல்யம் நிக்கும்" என்று ஒரு சொலவடையே வந்துவிட்டது. ஒரு பழுதைச் சாஸ்திரமாக்க நம் மக்களுக்கு மூன்று தடவை போதும்.

இப்போது என் கல்யாணத்துக்கு வருகிறேன். அன்று காரை ஓட்டியவர் உன் தாத்தா. பின் சீட்டில் நான். பெண் வீட்டில் வாங்கிக் கொடுத்த ஷூ ஒரு அளவு சின்னது. குதிகால் எரிந்ததால் காருக்குள் அதைக் கழற்றிப் போட்டிருந்தேன். நம் காரின் பின்கதவைப் பற்றி உனக்குத் தெரியும். உள்ளிருந்து திறக்காது, வெளியிலிருந்து யாராவது திறக்க வேண்டும். கழுத்து வரைக்கும் மாலை, இரண்டு பக்கமும் மாமன்மார், முன்னால் பேண்டு, திறக்காத கதவு. பெண்ணை நான் ஒரே தடவைதான் பார்த்திருந்தேன், அதுவும் காபித் தம்ளருக்கு மேலே. "பிடிச்சிருக்கா" என்று என்னைக் கேட்டார்கள். பதில் சொல்வதற்குள் "பையனுக்குப் பிடிச்சிருக்கு" என்று என் சார்பில் பெரியப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஊர்வலம் வரை, மாட்டேன் என்று சொல்வதற்கு ஓர் இடம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டே இருந்தேன். கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் யாரோ எதையோ முடித்துவிட்டிருந்தார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று, சமையல்காரர் பாத்திரம் இறக்கிவிட்டார். சமையல்காரரை ஏமாற்ற யாருக்கு மனம் வரும்?

மேட்டில் கார் நின்றது. கதவைத் திறந்தார்கள். இறங்கினேன். அத்தனை நாளில் முதல் தடவையாக என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. வலது பக்கம் ஸ்டேஷனுக்கு இறங்கும் சந்து. ஏதோ வண்டி வருவதாக மைக்கில் சொல்வது காதில் விழுந்தது. போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தேன். ஜல்லி குத்தியது. குனிந்து பார்த்தால் வெறுங்கால். ஷூ காருக்குள். காரை அதற்குள் முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஷூ போன பக்கம் நான் போனேன். உன் பெற்றோரின் முப்பத்திரண்டு வருட இல்லறத்தின் தொடக்கம் இதுதான். கல்யாண ஆல்பத்தில் இது இல்லை.

நான்கு வருடம் கழித்து உன் தாத்தா என்னிடம் சாவியைக் கொடுத்தபோது, டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விடச் சொன்னார். பெட்ரோல் வருகிற பைப்பில் ஒரு சின்னப் பித்தளைக் குழாய். "திருடனுக்காக வெச்சது. மூடிட்டுப் போய்ட்டா, வண்டிய எட்த்துகினு போறவன் தெரு முனை தாண்ட மாட்டான்" என்றார். என் கல்யாணத்தன்று அதை மூடியது அவர்தானா என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு சரி, அவ்வளவுதான்.

அந்தக் குழாயை நான் திருடனுக்காக ஒரு நாளும் மூடியதில்லை. பொய்கைப் படிக்கட்டுக்கு எதிரே வரும்போது குனிந்து மூடினால், கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற பெட்ரோல் சரியாக மேட்டின் நடுவில் தீரும். முதல் தடவை கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. பிறகு பழகிவிட்டது. முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன் நான். ஓடுகிற ஒன்றை யாருக்கும் சந்தேகம் வராமல் நிறுத்திவைப்பது எனக்குப் புதிதில்லை. என் கையில் முப்பத்தொரு மாப்பிள்ளைகள் அந்த மேட்டில் இறங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அந்தச் சில நிமிடங்களைக் கொடுத்தேன். நான் பெரிய தர்மவான் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவன் பெயராவது பலகையில் இருக்கும், எனக்கு அதுவும் வேண்டாம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். அவர்களில் முப்பது பேர் திரும்பக் காரில் ஏறினார்கள். அந்த முப்பது பேரில் ஒருவன்கூட மனைவியை விட்டுப் பிரியவில்லை என்பதுதான் நம் காரின் புகழ். சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கேட்பது ஊர் வழக்கமில்லை.

ஏறாத அந்த ஒருவன் மணவூர் முரளி. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். வேறு ஏதோ காரணம் சொல்லித்தான் உனக்கு இந்தக் கதை வந்திருக்கும். நடந்தது இது. கார் நின்றது, கதவைத் திறந்தார்கள், அவன் இறங்கினான். மற்றவர்கள் பின்னால் தள்ளப் போனதும் என் ஜன்னலுக்கு வந்து குனிந்தான்.

"அண்ணா, மணவூர்ல நிக்கற வண்டி எத்தினி மணிக்கு?"

"ஆறு நாப்பதுக்கு ஒண்ணு கீது" என்றேன்.

"இப்ப மணி இன்னா?"

"ஆறு இருபது. நடந்தா பத்து நிமிஷம்."

கழுத்து மாலையைக் கழற்றி, காரின் பக்கக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, சந்தில் இறங்கிப் போனான். காலில் ஷூ இருந்தது. நான் அரை மணி நேரம் சாவியைத் திருப்பித் திருப்பி எஞ்சின் கிளம்பாத மாதிரி நடித்தேன். அவனுக்கு ரயில் கிடைக்க வேண்டுமே. வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன். போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். அதையும் எழுத வேண்டும். மண்டபத்தில் சமையல் முடிந்துவிட்டது. பெண் கல்பனா அலங்காரத்தோடு மாடி அறையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அத்தை மகன், அவள் பாவா என்று கூப்பிடுகிறவன், பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஜக்கை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டு, புதுச் சட்டை ஒன்றை மாட்டினார்கள். அழைப்பில்லாமல் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று, பின்வாசல் வழியாக அவனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் மறுபடி என் காரில் ஏற்றினார்கள். கண்ணாடியில் தொங்கிய அதே மாலை. "இந்தத் தபா மட்டும் நின்னுச்சு, வண்டியக் கொளுத்திடுவோம்" என்று பெண்ணின் சித்தப்பா சொன்னார். நான் குழாயைத் தொடவில்லை. மேட்டில் கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. எஞ்சின் நல்ல எஞ்சின் என்று ஊருக்குத் தெரிய அந்த ஒரு தடவையே போதும். யாரும் கவனிக்கவில்லை.

இனி உன் விஷயம். "என் கல்யாணத்துல எவனும் தள்ளக் கூடாது நைனா, கூட வேல செய்றவங்க எல்லாம் வருவாங்க" என்று நீ போன பொங்கலுக்குச் சொன்னாய். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நினைத்துப் பார். எஞ்சினில் கோளாறு இல்லை என்று சொன்னால், பிறகு யாரிடம் கோளாறு என்று சொல்ல வேண்டும். முப்பது குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், அதிலும் கல்பனா வீட்டுக்கு. சொல்லாமல் விட்டால் ஒரு நல்ல எஞ்சின் போகும். இரண்டு பக்கமும் உள்ளிருந்து திறக்காத கதவு. நான் சின்ன நஷ்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கி இறக்கிய பிறகு சலீம் பாய் அதன் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"இன்னா சார் இது, சிங்கமாட்டம் கீது. பம்பு நல்லா கீது, வால்வு நல்லா கீது. இது ஏன் மேட்டுல நிக்கணும்?"

"பெட்ரோல் சூடாகி ஆவியாயிடுது பாய்" என்று நீ சொன்னாய்.

"பிள்ளையார் கோயில்லருந்து பொய்கை வரிக்கும் நடந்து வந்தா இன்னா சூடு ஏறும் தம்பி? எனக்கே ஏறாது." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். ஓட்றது நீங்க."

நீயும் என்னைப் பார்த்தாய். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வரப்போவதில்லை. "வயசாயிடுச்சு பாய்" என்றேன்.

"யாருக்கு?" என்றார் அவர்.

நீ சிரித்தாய். பிறகு டீ வாங்கப் போனாய். நீ போனதும் அவர் சீட்டைத் தூக்கினார். குழாயைக் கண்டுபிடித்தார்.

"இது இன்னாது?"

"திருடனுக்காக எங்கப்பா வெச்சது."

"திருடன் வந்தானா?"

"இது வரிக்கும் வரல."

குழாயைக் கழற்றி விரலில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வரலன்றீங்க, திருகு இவ்ளோ தேஞ்சி கீதே" என்றார். வேட்டியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து, "புது எஞ்சினுக்கு இது ஆவாது சார். வெச்சிகோங்க" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவர் உன்னிடம் சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்திலிருந்து தப்பித்திருப்பேன். நல்ல மனிதர்கள் இப்படித்தான் சில நேரம் உதவாமல் போய்விடுகிறார்கள்.

இப்போது நம் நிலைமையைப் பார். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற பழைய எஞ்சின், ஷெட்டில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. உன் அம்மா வெள்ளிக்கிழமைகளில் அதற்குக் குங்குமம் வைக்கிறாள். காருக்குள் இருக்கிற எஞ்சின் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாற்றி எழுதித் தர விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அது வரும்வரை ஆந்திரா எல்லைப் பக்கம் ஓட்ட வேண்டாம் என்று நீயே சொன்னாய். எல்லை கூப்பிடு தூரம். ஆக, எந்த மேட்டிலும் நிற்காத, எந்த ஊருக்கும் போக முடியாத ஒரு கார் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு ஓடத் தெரிந்த ஒரே பாதை பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்.

கடைசி ஞாயிறு கனகம்மாசத்திரம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பும்போது வேண்டுமென்றே பொய்கை மேட்டு வழியாக வந்தாய். கார் வழுக்கிக்கொண்டு ஏறியது. நீ ஸ்டியரிங்கில் தட்டி, "இனிமே எங்கயும் நிக்காது நைனா" என்றாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். நான் இறங்கிவிட்டேன். நீ இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் இல்லை. கேட்டைத் திறந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அதையே இன்னொரு தடவை சொன்னாய். "எங்கயும் நிக்காது." இந்த முறை அது சந்தோஷமாக இல்லை. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. அந்த இரண்டாவது தடவையை ஒன்பது நாளாகக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனபோது, "பிடிச்சிருக்கா" என்று நகரியில் லாவண்யா வீட்டார் கேட்டதும், நீ தலையை நிமிர்த்துவதற்குள் "அவனுக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒருவர் சொன்னாரே, அது என் பெரியப்பா இல்லை. நான்.

நீ அன்று சாயங்காலம் பஸ் ஏறிப் போன பிறகு, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்தப் பித்தளக் குழாய எங்க வெச்சீங்க?"

"எந்தக் குழா?"

"சீட்டுக்கு அடில திருப்புவீங்களே, அது."

அவளே சொன்னாள். "எத்தினி கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு வெச்சிகினு முன் சீட்டுல உங்க பக்கத்துல ஒக்காந்துகினு வந்திருக்கேன். பொய்கையாண்ட வந்ததும் செருப்பத் தேடற மாதிரி குனிவீங்க. செருப்பு கால்லயே இருக்கும்."

"ஏன் இத்தினி வருஷமா கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." ஒரு கட்டை ஆய்ந்து முடித்தாள். "நம்ம கல்யாணத்தப்ப நின்னுச்சே, அப்ப இன்னா நெனச்சீங்க?"

ஷூவைப் பற்றிச் சொன்னேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். கீரையை முறத்தில் போட்டுவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நானுந்தான். மாடி ரூம்ல ஒக்காந்துகினு இருந்தேன். மேளம் நின்னுப்போச்சு. முருகா, இப்படியே நின்னுப்போவட்டும்னு வேண்டிகினேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல. அப்பறம் திரும்ப மேளம் கேட்டுச்சு."

நைனா, நான் ஷூவுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மாடி அறையில் இன்னொருத்தி அதையே கேட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போன முதல் தருணம் அது. ஒருவருக்கொருவர் தெரியாமல் போய்விட்டது. எங்கள் வாழ்க்கை மோசமில்லை, நீ பார்த்திருக்கிறாய். ஒருவர் மருந்தை ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் நன்றாக முடிந்தது என்பதால் கேட்டுச் செய்தது ஆகிவிடாது.

"எனக்கு ஒரு கொறயும் இல்ல" என்று அவளும் சொன்னாள். "ஆனா முப்பத்தோரு ஆம்பளைக்கு வண்டிய நிறுத்தனீங்களே, ஒரு பொண்ணுக்கு நிறுத்தனீங்களா? கல்பனாவ அன்னைக்கி யார் கேட்டா? அவ பாவா தண்ணி ஊத்திகினு இருந்தான். அவனயும் யார் கேட்டா?"

என் தர்மம் எல்லாம் சாலையோரத்தோடு முடிந்துவிட்டது. முரளிக்கு ரயில் நேரம் சொன்னவன், மாடி அறையில் இருந்தவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கல்பனாவை இப்போதும் கடைத்தெருவில் பார்க்கிறேன். "நல்லா கீறீங்களா அண்ணா" என்று கேட்கிறாள். "ஆங்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் லாவண்யா ஞாபகத்துக்கு வந்தாள். நம் வீடு பார்க்க அவர்கள் வந்த அன்று எல்லோரும் காரைச் சுற்றி நின்றோம். நீ புது எஞ்சினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் அத்தனை நேரத்தில் வாய் திறந்து கேட்டது ஒரே கேள்விதான். "ரிவர்ஸ் நல்லா போகுமா மாமா?" எல்லோரும் சிரித்தோம். அவள் அப்பா, "இது ஸ்கூட்டர்லயே ரிவர்ஸ் தேடும்" என்றார். நானும் சிரித்தேன். பதில் மட்டும் சொல்லவில்லை. அவள் காரைப் பற்றித்தான் கேட்டிருக்கலாம். அவளுக்கு உன்னை மிகவும் பிடித்தும் இருக்கலாம். உனக்கும் அவளைப் பிடித்திருக்கலாம், அந்த இரண்டாவது தடவை உனக்குத் தொண்டை கட்டியிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை இந்த வீட்டில் யாராவது ஒருவர் ஒரு தடவையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீ வைத்திருக்கும் எஞ்சினை ஏமாற்ற என்னால் முடியாது. அதற்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே ஒரு பம்பு. மூடுவதற்குக் குழாய் இல்லை. சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது, முருகனே குறுக்கே வந்தாலும் அணையாது போலிருக்கிறது. ஆகவே நான் செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அன்று காரை நான்தான் ஓட்டுவேன். பொய்கை மேட்டின் நடுவில் பிரேக்கை மிதித்து நிறுத்துவேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லோருக்கும் கேட்கும். கோளாறு என்று சொல்ல மாட்டேன், கால் பிடித்துக்கொண்டது என்றும் சொல்ல மாட்டேன். உன்னோடு வேலை செய்கிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். உன் பக்கத்துக் கதவை நானே இறங்கி வந்து திறப்பேன். நீ இறங்கிக் கொஞ்ச தூரம் போய் நின்று, லாவண்யாவுக்குப் போன் போடு. நீ அவளைக் கேள். அவளும் உன்னைக் கேட்கட்டும். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

அம்மா அன்று என்னோடு காரில் வரமாட்டாள். ஆரத்தித் தட்டை யாரிடமாவது கொடுக்கச் சொல்லிவிட்டாள். "நான் மண்டபத்துல இருப்பேன். அந்தப் பொண்ணு கையில போனக் குட்த்துட்டு, கதவ சாத்திட்டு வெளிய நிப்பேன். அவ பேசி முடிக்கறவரிக்கும் எவ உள்ள போறான்னு பாக்கறேன்" என்கிறாள். அவள் நின்றால் யாரும் போக மாட்டார்கள், உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே இன்றோ நாளையோ நீங்கள் இருவரும் பேசிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் எல்லாம் சரி என்று நீங்கள் சொன்னாலும் மேட்டில் நான் நிறுத்துவேன். முன்னால் சொல்லும் சரிகளைப் பற்றி எனக்கு அனுபவம் உண்டு.

உங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் மண்டபத்துக்குப் போவோம். இல்லை என்றால் வந்த வழியே திரும்புவோம். சமையல்காரருக்கு நான் பதில் சொல்கிறேன். சமைத்ததை ஊர் சாப்பிடட்டும். யாரையும் தண்ணீர் ஜக்கோடு பிடித்து மணையில் உட்காரவைக்க விட மாட்டேன். அந்த மேட்டில் கார் திரும்ப இடமில்லை என்பது உனக்குத் தெரியும், பின்னாலேயே வர வேண்டும். நேற்று விடிந்ததும், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, காரை எடுத்துப் போய் அந்த இடத்தில் மூன்று தடவை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தேன். பொய்கைப் படிக்கட்டு வரை நேராக வருகிறது. நல்ல எஞ்சின். லாவண்யாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

வேறொன்றும் இல்லை. அவர்கள் வாங்கித் தரும் ஷூ எப்படி இருந்தாலும் சரி, காருக்குள் அதைக் கழற்றாதே.

நைனா